அண்ணி உட்கார்ந்த இடங்கள்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள். அண்ணி முதலில் உட்காருவார். வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, அப்புறம் செருப்பைக் கழற்றி, அதற்கும் அப்புறம்தான் "இன்னா மே, நல்லாக் கீறியா" என்று கேட்பார். வாசலுக்கும் உள்ளே இருக்கும் கட்டிலுக்கும் நடுவில் பத்தடிதான் இருக்கும். அந்தப் பத்தடிக்கு நடுவில் என் தையல் மெஷின் ஸ்டூல் கிடக்கும். அதிலும் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுத்தான் கட்டிலுக்குப் போவார்.

அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. கிளியனூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தது. புருஷன் முன்பே போய்விட்டார், பிள்ளை இல்லை. கொஞ்சம் நிலம் இருந்தது, அதில் வேர்க்கடலை போடுவார்கள்; எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். ஒரு காலத்தில் இரண்டு பெண்கள் பிடுங்குகிற மல்லாட்டையை ஒரே ஆளாகப் பிடுங்கி வரப்பில் போடுவாராம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்தும் இருக்கிறேன். அப்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, திங்களும் வியாழனும் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். கூட ஒரு ஆள் போக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வேலை. வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறவள் நான். அதனால் நான் போனேன். கிளியனூரிலிருந்து அவர் பஸ்ஸில் நாங்கள் இருக்கும் திண்டிவனத்துக்கு வருவார். அங்கிருந்து இரண்டு பேரும் சேர்ந்து போவோம். ஐந்து வருஷம் அப்படிப் போனோம்.

இந்த ஐந்து வருஷத்தில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எங்கெங்கே உட்காரலாம் என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மருந்துக்கடைப் படி, ஆனால் கடைக்காரர் இருந்தால் கூடாது, அவர் மாமனார் இருந்தால் உட்காரலாம். டீக்கடைக்கு எதிரே இருக்கும் சிமென்ட் பெஞ்சு, பத்து மணிக்கு மேல் வெயில் வந்துவிடும். எல்லாவற்றையும்விட நல்ல இடம் வாழைப்பழக்காரர் வண்டி. அண்ணி தூரத்தில் வரும்போதே அவர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிடுவார். கிட்னி போனவர்கள் வாழைப்பழம் தொடக்கூடாது. ஐந்து வருஷத்தில் அண்ணி அவரிடம் ஒரு பழம் வாங்கியதில்லை.

"ஒரு பழம் வாங்கறதில்ல, கடைல பாதி எடத்தப் புட்ச்சிக்கினு ஒக்காந்துக்குது" என்பார் அவர்.

"நான் ஒக்காந்தாதான் ஒனுக்கு யாவாரமே. கூட்டம் கீதுன்னு நெனச்சி நாலு பேரு வருவான்."

"வர்றவன் கிட்டல்லாம் பழம் துன்னாதீங்க, பொட்டாசியம்ன்றியே தாயி."

எனக்கு இந்தப் பேச்செல்லாம் கூச்சமாக இருக்கும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிற்கவே கூசுகிறவள் நான். பத்தாவது வரை படித்தேன், ஒரு நாளும் வகுப்பில் கையைத் தூக்கியதில்லை. அண்ணியோ இடம் கிடைக்காவிட்டால் தரையிலேயே உட்கார்ந்துவிடுவார். பஸ் நிற்கிற இடத்தில், எச்சில் துப்பி வைத்திருக்கிற இடத்தில், முந்தானையைச் சுருட்டிக்கொண்டு அப்படியே சரிந்து உட்காருவார். பார்க்கிறவர்கள் பிச்சைக்காரி என்று நினைப்பார்களோ, குடித்திருக்கிறாள் என்று நினைப்பார்களோ என்று எனக்கு உடம்பு கூசும். அந்த மாதிரி நேரத்தில் நான் மெதுவாக நகர்ந்துபோய் பஸ் நேரம் எழுதியிருக்கும் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு அதையே படித்துக்கொண்டிருப்பேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "போர்டு மனப்பாடம் ஆயிடுச்சா மே? செஞ்சிக்கு அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கு, சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னொரு நாள் திரும்பி வரும்போது நல்ல கூட்டம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அண்ணியைப் பார்த்தால் நோயாளி மாதிரி இருக்காது. உடம்பில் ஏறியிருந்த தண்ணீரையெல்லாம் மெஷின் எடுத்துவிடும், முகத்தில் வீக்கம் வடிந்து பளிச்சென்று இருப்பார். விக்கிரவாண்டியில் ஏறிய ஒரு பெரியவர் அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னார்:

"வயசானவன் நிக்கிறேன். கல்லு மாதிரி கீறவங்க ஒக்காந்துக்கினு வராங்க. காலம் அப்படி."

அண்ணி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வா பெரியவரே. வேணும்னா மடில ஒக்காந்துக்க. எழுந்திரின்னு மட்டும் சொல்லாத."

பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெரியவரும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தை, 'அவங்களுக்கு உடம்பு சரியில்லைங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை. நான் எழுந்து என் இடத்தை அந்தப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டுத் திண்டிவனம் வரை நின்றுகொண்டு வந்தேன். அதனால் பெரிய நல்லவள் மாதிரி ஒரு நினைப்பு வேறு.

அந்த அசதியைப் பற்றி அவர் நிறையப் பேசமாட்டார். பேசினால் ஊர்ப்பெயரில்தான் பேசுவார். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு எழுந்து வந்தால் தலை நிற்காது, காது அடைக்கும், நாக்கு குழறும். பஸ் ஏறியதும் கண்ணை மூடுவார். எந்த ஊரில் கண் திறக்கிறாரோ அங்கே அசதி இறங்கிவிட்டது என்று கணக்கு. "இன்னிக்கு டோல்கேட்லயே எறங்கிடுச்சி மே" என்றால் நல்ல நாள். "கூட்டேரிப்பட்டு வரைக்கும் வந்துச்சி" என்றால் சுமார். சில நாள் திண்டிவனத்திலும் இறங்காது, கிளியனூர் வரை அவரோடு போய், வீட்டுக்குள் போய், மறுநாள் மத்தியானம் வரை அவரோடு படுத்திருக்கும். அவரே சொன்ன கணக்கு, ஏழு நாளில் மூன்று நாள்தான் அவருக்கு. மீதி மெஷினுக்கு.

"தூங்கி எழுந்தாப் போயிடும் இல்லயா அண்ணி?" என்று ஒரு தடவை கேட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அதிகமாகத்தான் காட்டிக்கொள்கிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது.

"நடவு நட்டுட்டு வந்தா ஒரு அசதி வரும் பாரு, அது நம்ம அசதி. நாம சம்பாரிச்சது. படுத்தா ஜம்முனு தூக்கம் வரும். இது அப்படியில்ல. எவனோ அவன் மூட்டையத் தூக்கி எம் மேல வெச்சிட்டு, இதோ வந்துர்றேன்னு சொல்லிட்டுப் பூட்டான். அவன் வரவே மாட்டேன்றான்."

அந்த மூன்று நாளை அவர் வீணாக்கமாட்டார். கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து, பிடுங்கிப்போட்ட செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருப்பார். "ஒக்காந்துகினே செய்ற வேலன்னு சாமி எனக்கின்னே இத வெச்சிருக்கான்" என்பார். ஒரு செடி முடித்து அடுத்த செடியை எடுப்பதற்கு நடுவில் கை அப்படியே மடியில் கிடக்கும். நாம் பேசினால் பதில் சொல்வார். கை மட்டும் எழுந்திருக்காது. அப்புறம் அதுவாக எழுந்து அடுத்த செடியை எடுக்கும்.

என் மகளுக்கு விழுப்புரத்தில் ஒரு இடம் வந்தது. பையன் நல்ல பையன், பார்த்ததும் எங்களுக்குப் பிடித்துவிட்டது. அவர்களுக்கும் பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை, விழுப்புரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் என்று முடிவானது. தரகர் போகிறபோது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: "நகை நட்டெல்லாம் கேக்கற ஆளுங்க இல்ல. ஆனா குடும்பத்துல சீக்கு சனி எதுனா கீதான்னு மட்டும் கேப்பாங்க. பாத்துக்கங்க."

அன்று முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறுநாள் சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்கா கூடப் பொறந்தவ. நம்ம ரத்தத்துல கீதுன்னு நெனச்சிட்டா? அன்னிக்கு வெளிய தெரியாம இருக்கணும்னு நீ அக்காகிட்ட சொல்லு. நான் சொன்னா நல்லாருக்காது."

அத்தை இல்லாமல் நிச்சயம் பண்ணவும் முடியாது. எங்கள் பக்கம் தட்டு எடுக்க, சந்தனம் குங்குமம் கொடுக்க அத்தைதான் முன்னால் நிற்க வேண்டும், புருஷன் இல்லாதவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. அத்தை எங்கே என்று கேட்பார்கள்.

திங்கட்கிழமை, மெஷினில் போடுவதற்கு முன்னால், எடை பார்க்கிற வரிசையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை. முடித்தது ஞாபகம் இருக்கிறது.

"அன்னிக்கு மட்டும் கொஞ்சம் நின்னுக்கினு இருந்தீங்கன்னா..."

"எத்தினி நாழி?"

"மூணு மணி நேரம் ஆவும் அண்ணி."

"நடுவுல ஒரு வாட்டி ஒக்காந்துக்கலாமா?"

நான் சொன்னேன்: "ஒக்காந்தா நீங்க கண்ண மூடிடறீங்க அண்ணி. வாய் தொறந்துக்குது. பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"என் மொகம் அப்படியா ஆவுது?" என்றார். அவருக்கு அது தெரியாது. ஐந்து வருஷமாக அவர் தூங்கும்போது பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான், அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் அதுவரைக்கும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஊசி போட்டுப் போட்டு நரம்பெல்லாம் புடைத்து, தோலுக்கடியில் கயிறு சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். "இதுக்கும் ஒரு ஜாக்கெட்டு தெச்சிடு. மணிக்கட்டு வரிக்கும். பொண்ணுக்குத் தெக்கிறதுக்கு முன்னாடி அத்தைக்குத் தெய்யி" என்று சிரித்தார்.

நானே அளவெடுத்து நானே தைத்தேன். அரக்குக் கலர்.

புதன்கிழமை போன் பண்ணினார். "மே, ஒரு சீரியல் முழுசா நின்னுட்டேன். பிரிட்ஜப் புட்ச்சிக்கினுதான். ஆனா வெளம்பரத்துக்குக்கூட ஒக்காரல." அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. நான் "நல்லது அண்ணி" என்றேன்.

வியாழன் டயாலிசிஸ். அன்றைக்கு அசதி எந்த ஊரிலும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அரக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு, மண்டபத்து வாசலில் நின்றார்.

நின்றார் என்றால் நின்றார். வந்தவர்களை வாங்க வாங்க என்றார். தட்டு எடுத்து வைத்தார், சந்தனம் கொடுத்தார். வேலை இல்லாத நேரத்தில் ஒரு தூணுக்கு முன்னால் நிற்பார். வலது கை முதுகுக்குப் பின்னால் போய் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டிருப்பதை நான் ஒருத்திதான் பார்த்தேன். மேல் உதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க வேலைகளைத் தேடிப் பிடித்துச் செய்துகொண்டிருந்தேன்.

சம்பந்தி அம்மா பெரிய உடம்புக்காரர். மூட்டுவலி, நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார், ஆனால் கண் எல்லா இடத்திலும் இருக்கும். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்திருந்தார். தாம்பூலம் மாற்றி முடித்த பிறகு, அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியை அண்ணி பக்கமாக இழுத்துப் போட்டார்.

"வந்ததுலருந்து பாக்கறேன், நின்னுக்கினே கீறீங்களே. வாங்க, செத்த நேரம் ஒக்காருங்க."

அண்ணி நாற்காலியின் முதுகில் கை வைத்தார். உட்காரவில்லை. கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். உட்காரட்டுமா என்று கண்ணாலே கேட்டார்.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அதிகமாக ஆட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்காது. அண்ணி நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்.

"ஒக்காந்தா எனக்குக் காலு மரத்துப்பூடும்ங்க. நின்னுக்கினு இருந்தாத்தான் எனக்குச் சரிப்படும்" என்றார்.

சம்பந்தி அம்மா தன் மகள்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்துக்கங்கடி. இந்த வயசுல என்னா சுறுசுறுப்பு! நீங்களும் கீறீங்களே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர்கள் வேன் கிளம்பிப் போன பிறகு அண்ணியைக் காணவில்லை. மண்டபத்துச் சமையல்கட்டில், முட்டைக்கோஸ் தழையும் வெங்காயத் தோலும் கிடந்த தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பூவெல்லாம் நசுங்கியிருந்தது. புடவை ஈரத்தில் நனைந்திருந்தது.

"பூட்டாங்களா?"

"போயிட்டாங்க அண்ணி."

"சரியா நின்னனா?"

"நின்னீங்க."

அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல், "இன்னிக்கு எந்த ஊர்ல எறங்கும் அண்ணி?" என்று கேட்டேன். வழக்கமாக அவர் சொல்கிற பேச்சை நான் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"இது எறங்கறதுக்கு ஏறல மே" என்றார்.

அது உண்மையாகிவிட்டது. அந்த நிச்சயத்தால்தான் என்று சொல்லமுடியாது, வியாதி அதன் வழியில் போகும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு மூன்று நாள் இல்லை. இரண்டு நாளானது, ஒரு நாளானது. பஸ் முடியாமல் ஆட்டோ வைத்தோம். வாழைப்பழக்காரர் என்னைத் தனியாகப் பார்க்கும்போதெல்லாம் "அக்கா எங்க?" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அழைக்கப் போனபோது கட்டிலில் இருந்தார். முன்வரிசையில் அவருக்கென்று ஒரு சோபா போடுகிறேன், யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை மாதம் ஆகியிருந்தது. தேதியும் குறித்தாகிவிட்டது, இனிமேல் யாரும் பின்வாங்க முடியாது என்கிற தைரியமும் அதில் இருந்தது.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "வேணாம் மே. சுறுசுறுப்புன்னு பேரு வாங்கிட்டேன். இப்பப் போயி சோபால சாஞ்சிக்கினு கெடந்தா, அன்னிக்கு நின்னதெல்லாம் பொய்யின்னு ஆயிடும். பாப்பா மேல பேச்சு வரும். மல்லாட்டை புடுங்கறாங்க, அத்தை வரலன்னு சொல்லிடு."

அப்படியே சொன்னேன். சம்பந்தி அம்மா, "அது சரி, அவங்களால சும்மா இருக்க முடியுமா" என்றார்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அண்ணி இறந்துபோனார். காலையில், அவர் வீட்டிலேயே. சம்பந்தி வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். கிராமத்துப் பெண்கள் கொல்லைப் பக்கம் புடவையை மறைப்பாகக் கட்டி, குளிப்பாட்டத் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். மூட்டுவலியோடு சம்பந்தி அம்மாவும் உள்ளே வந்தார். அவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

அண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இடது கை நழுவிக் கீழே தொங்கியது. சட்டைக்கை இல்லாத கை. சம்பந்தி அம்மா அதைப் பார்த்தார். புடைத்த நரம்பைத் தொட்டும் பார்த்தார்.

"இது இன்னாது?"

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "கிட்னிக்கு ஊசி போட்டதுங்க. அஞ்சாறு வருசமா முண்டியம்பாக்கத்துக்கும் இங்கயுமா அலஞ்சா, பாவம். ரெண்டு நிமிசம் நிக்க முடியாது அவளால. எங்க போனாலும் மொதல்ல ஒக்கார எடந்தான் தேடுவா."

சம்பந்தி அம்மா என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு மண்டபத்துல..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாலு பெண்கள் நிற்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

குளிப்பாட்ட உட்கார வைப்பதற்கு அவர்கள் கொண்டுவந்த நாற்காலிக்கு ஒரு கால் உடைந்திருந்தது. வேறு ஒன்று தேட ஆள் ஓடியது. அதற்குள் சம்பந்தி அம்மா இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அண்ணி பக்கமாக இழுத்துப் போட்டார்.

"இதுல ஒக்கார வையிங்க" என்றார்.

உட்கார வைத்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. பஸ்ஸில் நான் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான். இந்தத் தடவை அவர் என்னைத் தேடவில்லை.